கொசுறுக்கு ஒரு வழக்கு

"தேங்காய்த் துருவி துருவவில்லை."

புகார் மூன்றே சொல். அந்த மூன்று சொல்தான் எங்கள் கம்பெனியை எண்பத்து நான்கு நாளாகத் தலைகீழாக நிற்க வைத்திருந்தது.

என் பெயர் அமலோற்பவம். அமலி என்றால் போதும். பெருங்குடியில் இருக்கும் 'மூணுதரம்' என்ற ஏலத் தளத்தில் தமிழ்ப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. வீட்டில் கிடக்கும் பழைய சாமானைப் படம் பிடித்துப் போட்டால், வேண்டியவர்கள் ஏலம் கேட்பார்கள். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று மணி அடித்ததும் பொருள் கைமாறும். மணி அடிக்கிறவரை எல்லாரும் தங்கமான மனிதர்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் சுயரூபம் வெளியே வரும். படத்தில் இருந்தது பச்சை, வந்தது கிளிப்பச்சை என்பார் ஒருவர். நாற்காலிக்கு நாலு கால் என்றுதான் எழுதினேன், நாலும் ஒரே உயரம் என்று எழுதினேனா என்பார் இன்னொருவர். ஆறு வருடம் இந்தச் சண்டைகளை நானே போனில் தீர்த்து வைத்தேன். என் வலது காது மந்தமானது அப்போதுதான்.

பிறகு பதிலாள் வந்தது. ஒருவர் வருடக்கணக்காக அனுப்பிய செய்திகள், பேசிய பேச்சு, போனில் தேடியது, குறித்து வைத்தது எல்லாவற்றையும் அவர் சம்மதத்தோடு எடுத்து, அவரைப் போலவே யோசித்து அவரைப் போலவே பேசுகிற ஒன்றை இயந்திரம் உண்டாக்கிவிடும். அதுதான் பதிலாள். தகராறு என்று வந்தால் வாங்கியவரின் பதிலாளும் விற்றவரின் பதிலாளும் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வரும். அந்த முடிவுக்கு நிஜ மனிதர்கள் கட்டுப்பட வேண்டும். அதுவரை அவர்கள் குளித்துவிட்டு வரலாம். ஆனால் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். சராசரி நாலு விநாடி.

துருவி வழக்கு மட்டும் முடியவில்லை.

எண்பத்து நான்காம் நாள் காலை நிகிலேஷ் என்னைக் கூப்பிட்டார். அவர் என் மேலாளர். என்னைவிடப் பதினாறு வயது இளையவர்தான், ஆனால் அவருடைய நாற்காலி பெரியது, அதனால் சார்.

"அமலி மேடம், இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. தொண்ணூறு நாளைக்கு மேல முழிச்சிருக்கிற பதிலாளை ஆளாப் பதிவு பண்ணணும்னு சட்டம். தாசில்தார் ஆபீஸ் போகணும். அப்புறம் அதுக்கு ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் வந்துரும். ஒரு பதிலாளுக்குக் கொடுத்துட்டா மத்ததெல்லாம் சும்மா இருக்குமா?"

"நாமே நிறுத்திட்டா என்ன சார்?"

"நமக்கு அந்த உரிமை இல்ல. ஒண்ணு அதுங்களாச் சமாதானம் ஆகணும். இல்லன்னா நிஜ ஆளுங்கள்ல யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும். வாங்கினவர் வாபஸ் வாங்கலாம், வித்தவங்க தப்பை ஒத்துக்கலாம். முடிஞ்சதும் ரெண்டையும் முப்பது நாள் தூங்க வைப்போம். அதுக்குள்ள அதே ரெண்டு பேருக்கு நடுவுல புதுப் புகார் வந்தா எழுப்பி, ஒண்ணாம் நாள்லேர்ந்து எண்ணுவோம். வரலைன்னா அழிச்சிருவோம்."

கரும்பலகையைப் பற்றிச் சொல்வதுபோல அழிச்சிருவோம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு இன்னொரு பயம் இருந்தது. என் இடத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வழக்கின் பேச்சு முழுவதையும் படிக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய தகராறுகளை மனித வேகத்தில்தான் பேசவிட வேண்டும், யாராவது படித்துப் பார்க்க வசதியாக. அதனால் படிக்க முடிந்தது.

விஷயம் இதுதான். கோவை சிங்காநல்லூர் மயிலாத்தாள் ஒரு பழைய கிரைண்டரை ஏலத்தில் விட்டார். பாளையங்கோட்டை இசக்கியப்பன் அதை எடுத்தார். கிரைண்டரோடு மாட்டிக்கொள்கிற தேங்காய்த் துருவி ஒன்றை மயிலாத்தாள் கொசுறாகப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். கிரைண்டர் அருமையாக ஆட்டுகிறது. துருவியின் பல் மழுங்கியிருந்தது. இசக்கியப்பன் கிரைண்டர்மேல் ஐந்து நட்சத்திரமும் துருவிமேல் புகாரும் போட்டார்.

இந்தச் சின்ன விஷயத்தை இரண்டு பதிலாள்களும் நாற்பத்தோராம் நிமிடத்திலேயே தீர்த்துவிட்டன. வேறு பல் அனுப்புவதாக மயிலாத்தாள் சொல்ல, சரி என்று இசக்கியப்பன் சொல்லிவிட்டார். அங்கேதான் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சமாதானம் ஆனவுடன் மயிலாத்தாளின் பதிலாள், "கூட ஒரு டம்ளர் வெக்கறனுங்க" என்றது. இசக்கியப்பனின் பதிலாள் ஒரு விநாடி யோசித்து, "டம்ளர் ஒடுங்கியிருக்காதுன்னு என்ன நிச்சயம்?" என்றது. டம்ளருக்கு ஒரு தகராறு ஆரம்பித்தது. அது தீர்ந்ததும் ஒரு கரண்டி. கரண்டிக்குக் காம்பு சரியில்லை. இப்படி எண்பத்து நான்கு நாளில் ஆயிரத்து நானூறு முறை சமாதானம் ஆகியிருந்தார்கள்.

நான் பயந்தது சரியாகப் போயிற்று. காரணம், எண்பத்தேழாவது வரி.

எட்டு மாதத்துக்கு முன்னால் தமிழ்ப் பதிலாள்கள் செய்தி வாசிப்பதுபோலப் பேசுகின்றன என்று எல்லாரும் குறை சொன்னார்கள். நம் ஊர் வியாபாரப் பழக்கங்களை எழுதிச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. நான் ஆசை ஆசையாக இருநூற்றுப் பன்னிரண்டு வரி எழுதினேன். எண்பத்தேழாவது வரி: பேரம் படிந்ததும் விற்பவர் கொசுறு தருவார், தராவிட்டால் வாங்குபவர் கேட்பார். கறிவேப்பிலைக் கொத்து இல்லாமல் காய்கறி வாங்கிய நாள் என் வாழ்க்கையில் கிடையாது, எழுதாமல் எப்படி விடுவேன்? மற்ற வழக்குகளில் ஒரு பதிலாள் கொசுறு தரும், இன்னொன்று வாங்கிக்கொள்ளும், கதை முடியும். கொசுறுமேலேயே வழக்குப் போடுகிற ஒரு மனிதர் வருவார் என்று நான் கனவு கண்டேனா? இதை நான் நிகிலேஷிடம் சொல்லவில்லை. எனக்கும் வேலை வேண்டும்.

மேலே படிக்கப் படிக்க வேறொன்று தெரிந்தது. பத்து நாளில் சாமான்கள் தீர்ந்துவிட்டன. பிறகு சொற்களைக் கொசுறாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். புதிதாகக் கொத்திய கல்லில் முதல் மாவை ஏன் கொட்டிவிட வேண்டும் என்று மயிலாத்தாள் சொன்னார். தென்காசி பஸ்ஸில் ஒன்பது வருடம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவரைப் பற்றி இசக்கியப்பன் சொன்னார். ஐம்பத்திரண்டாம் நாள் மயிலாத்தாளின் பதிலாள், தன் அக்கா வளர்த்த ஆடு ஒன்று தானாகவே பழனி பஸ்ஸில் ஏறிய கதையைக் கொசுறாகக் கொடுத்தது. இசக்கியப்பன் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். அவருடைய பதிலாள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தது: ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்களா இல்லையா என்று சொல்லப்படவில்லை, கதை உடுமலையோடு நின்றுவிட்டது, இது குறையுள்ள பொருள். அந்த ஆட்டின் வழக்கு மட்டும் முப்பத்திரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வண்டியில் நான் கோவைக்குப் போனேன்.

மயிலாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பழைய கிரைண்டர்களை வாங்கி, கல்லைக் கொத்தி, மோட்டாரைச் சரிசெய்து ஏலத்தில் விடுகிறவர். விற்ற பொருள்மேல் புகார் நிலுவையில் இருந்தால் விற்றவரின் ஏலக் கடையைத் தளம் மூடிவிடும். அதனால் பதினாறு கிரைண்டர்கள் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. தீபாவளிக்கு முன்னால்தான் ஏலம் சூடு பிடிக்கும். இந்த வருடம் அது கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, சும்மா குடுத்த சாமானுக்கு வழக்குப் போட்ட ஆள இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"நானும் பாத்ததில்லீங்க. பாத்திருந்தா அந்தத் துருவியப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கவே மாட்டனுங்க."

தப்பை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே கடை திறந்துவிடும் என்று சொன்னேன். ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'விவரிப்பில் பொய்' என்று சிவப்பு முத்திரை விழும். பதினோரு வருடத்தில் அவருக்கு ஒரு கரும்புள்ளி கிடையாது. அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். பிறகு, தன் பதிலாள் உள்ளே என்னதான் பேசுகிறது என்று கேட்டார். அவருடைய பதிலாள் பேசியதை அவருக்குக் காட்ட விதி உண்டு. காட்டினேன்.

அரை மணி நேரம் படித்தார். நடுநடுவே சிரித்தார். "அந்த ஆட்டுக் கதையச் சொல்லிப்போட்டாளா? வாயப் பாருங்க அவளுக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இது முடிஞ்சா அவ என்னாவாளுங்க?"

சொன்னேன். முப்பது நாள் தூக்கம், அதற்குள் அதே இருவருக்குள் புதுப் புகார் வராவிட்டால் அழித்துவிடுவார்கள் என்று. அவர் எழுந்து போய் ஒரு கிரைண்டர்மேல் நழுவிக் கிடந்த சாக்கை இழுத்துச் சரியாகப் போர்த்தினார்.

"நேத்து வரைக்கும் கையெழுத்துப் போட்டுரலாமான்னுதானுங்க இருந்தேன். முத்திர விழுந்தா உழுந்துட்டுப் போவுது, பொழப்பு நடக்கோணுமில்லீங்க. இப்ப இதச் சொல்லிப்போட்டீங்க. என்ற கடையத் தொறக்கறதுக்கு அவள அழிக்கச் சொல்லி நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என் காலி டம்ளரை எடுத்து வைத்தார். "அவகிட்டயே கேளுங்க அம்மிணி. அவளும் நாந்தானுங்க. அவ என்ன சொல்றாளோ அதுக்கு நான் கட்டுப்பட்டுக்கறேன்."

நான் கிளம்பும்போது கொல்லையில் இருந்த மரத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்து என் பையில் திணித்தார். எதுவும் வாங்காமலே எனக்குக் கொசுறு கிடைத்தது.

அடுத்து பாளையங்கோட்டை. இசக்கியப்பன் உயரமான மனிதர். வருடக்கணக்கில் உள்ள போங்க, உள்ள போங்க என்று கத்தித் தன் பங்குப் பேச்சை முடித்துவிட்டவர்போல இருந்தார். வாங்க என்று ஒரு சொல் சொன்னார், பிறகு உட்கார்ந்துவிட்டார். பேசியதெல்லாம் அவர் மனைவி செண்பகவடிவுதான்.

"யம்மா, நீயாவது நாலு வார்த்த சொல்லு. எண்பது நாளா ஓசியில வந்த துருவிக்கு வழக்காடுதாக. தெருவுல தல காட்ட முடியல. பாக்கவளெல்லாம், துருவி என்னாச்சு, துருவி என்னாச்சுன்னு கேக்கா. எங்கிட்ட ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேச மாட்டாக, அங்க போயி எண்பது நாளா பேசுதாகளாம்."

வாபஸ் வாங்கும் தாளை நான் மேசைமேல் வைத்தேன். இசக்கியப்பன் அதைப் பார்க்கவே இல்லை. நான் கடைசி அஸ்திரமாக அவருடைய பதிலாள் பேசியதை என் தொடுதிரைப் பலகையில் எடுத்துக் கொடுத்தேன். அதில் முப்பத்தோராம் நாள் பேச்சு ஒன்று இருந்தது. அதைப் படித்தால் அவர் மனம் இளகும் என்பது என் கணக்கு. ஆனால் அவர் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, பலகையை மனைவியிடம் நீட்டி, "நீ வாசி" என்றார். தன் மனத்தில் இருந்தது அதில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

செண்பகவடிவு தெருவுக்கே கேட்கிற குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

"கிரைண்டர் எனக்கு எதுக்கு? மாவு கடையில கெடைக்கி. எங்க வீட்டம்மாவுக்கு வலது தோளு தூக்க முடியல. உக்காந்து தேங்கா துருவ முடியாம சொதிக் கொழம்பு வைக்கதயே விட்டுட்டா. வலிக்குன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டா. அவ மனசு சங்கடப்படக் கூடாதுன்னு, எனக்கு இப்பல்லாம் சொதி பிடிக்கல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒங்க படத்துல மூலையில அந்தத் துருவி தெரிஞ்சுது. அதுக்காகத்தான் ஏலம் கேட்டேன்."

பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. கடைசி வரி எனக்கே சரியாகக் கேட்கவில்லை. 

"சொதி பிடிக்கலன்னுல்லா சொன்னிய?"

"ம்" என்றார் இசக்கியப்பன்.

செண்பகவடிவு வாபஸ் தாளை எடுத்து மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கையெழுத்தெல்லாம் கிடையாது, அது பேசட்டும் என்றார். அது இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறது என்று பலகையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கத் தொடங்கினார். வழக்கு முடிந்தால் இரண்டையும் அழித்துவிடுவார்கள் என்பதையும் சொன்னேன், மறைப்பது பாவம் என்று தோன்றியது. அப்போதுதான் இசக்கியப்பன் அன்றைக்கு நீளமான ஒரு வாக்கியம் பேசினார்.

"கடைசி டிரிப்புன்னாலும் வண்டிக்குள்ள ஆள் இருக்கையில வெளக்க அணைக்க மாட்டோம்மா."

வெறுங்கையோடு சென்னைக்குத் திரும்பினேன்.

தொண்ணூறாம் நாள். நாலு மணிக்குள் முடியாவிட்டால் தாசில்தார் அலுவலகம். நிகிலேஷ் இரண்டு மணிக்கு என்னைப் பேச்சறைக்குள் அனுப்பினார். ஒரு மேசை, இரண்டு திரை, இரண்டு ஒலிபெருக்கி, நடுவில் நான். கண்ணாடிக்கு வெளியே நிகிலேஷ் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு உங்களுக்குள் நிஜமான தகராறே இல்லையே, தெரிந்துதான் இழுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதானுங்க அம்மிணி" என்றது மயிலாத்தாளின் பதிலாள். "முடிச்சா என்னாகும்னு ஒப்பந்தத்துல பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருக்குதுங்க. அத முழுசாப் படிச்ச ஆளு இந்த நாட்டுலயே நாங்க ரெண்டு பேருந்தானுங்க."

"சண்ட இருக்க வரைக்கும் நாங்க இருப்போம்" என்றது இசக்கியப்பனின் பதிலாள். "அதான் பதமாச் சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம்."

 அந்த எண்பத்தேழாவது வரியை எழுதியது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். மூணுதரத்தில் நான் அதைச் சொன்னது அவர்களிடம் மட்டும்தான். இசக்கியப்பனின் பதிலாள், "நல்ல வரிம்மா" என்றது. எட்டு மாதத்தில் என் வேலையைப் பாராட்டிய முதல் ஆள். அந்த வரியை இப்போதே நீக்கினால் நாலு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். என் விரல் நுனியில்தான் இருந்தது. நான் நீக்கவில்லை. பதிலாக, சிங்காநல்லூரில் பார்த்ததைச் சொன்னேன்: பதினாறு கிரைண்டர், சாக்கு, தீபாவளி.

"எந்தக் கடையச் சொல்றீங்க?"

"உங்க கடையைத்தாம்மா. புகார் முடியிற வரைக்கும் மூடித்தான் வைப்பாங்க."

இது அவர்களுக்குத் தெரியாது. அது ஒப்பந்தத்தில் இல்லை, வேறு விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மயிலாத்தாளின் பதிலாள் என்னை ஒரு பிடி பிடித்தது. மூன்று மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நான் இங்கே ஆட்டுக் கதை பேசிக்கொண்டிருக்கிறேன், அங்கே என் பொழப்பு மூடிக் கிடக்கிறதா, நீங்களெல்லாம் என்ன கம்பெனி நடத்துகிறீர்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்கியது. பிறகு அமைதியானது. அந்த அமைதியில் அது சிங்காநல்லூர் மயிலாத்தாளாகவே இருந்தது. சாக்கை இழுத்துப் போர்த்திய அதே மனுஷி.

"முடிச்சுப்போடலாமுங்க, அண்ணாச்சி."

 மணி மூன்றேகால் ஆனது. "எழுதிக்கிடும்மா" என்றது இசக்கியப்பனின் பதிலாள் கடைசியில். "ஆனா ஒழுங்கா எழுதணும்."

எழுதினேன். துருவி கிரைண்டரோடு சேர்ந்தது அல்ல, அது கொசுறு, அதற்கு விலை இல்லை என்று போட வேண்டும் என்றார் மயிலாத்தாள். அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தது அதுதான். கொசுறாக இருந்தாலும் கொடுத்த பொருள் நன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புகார் சொல்ல வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று சேர்க்கச் சொன்னார் இசக்கியப்பன்; அவர் சொல்லி வந்தது அது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது என்றார் இசக்கியப்பன்: விலையில்லாத பொருள்மேல் வரும் புகாருக்காக விற்றவரின் கடையை மூடக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்தவர், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் நீட்ட மாட்டார் என்று எண்ணிக்கொண்டு அதையும் எழுதினேன். யார் பெயருக்கும் கரும்புள்ளி இல்லை. இரண்டு பேரும் சம்மதம் என்றார்கள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

நான் காத்திருந்தேன். ஆயிரத்து நானூறு முறை இந்த இடத்தில்தான் கொசுறு வந்தது. இந்த முறை வரவில்லை. இசக்கியப்பனின் பதிலாளும் கேட்கவில்லை. கடைசியில் வெட்கம் கெட்டு நானே கேட்டேன்: "கொசுறு?"

"பாக்கி நிக்கட்டுமுங்க அம்மிணி" என்றது மயிலாத்தாளின் பதிலாள்.

"ஆட்டுக்கு டிக்கெட் போட்டாகளான்னு நீங்க இன்னும் சொல்லல" என்றது இசக்கியப்பனின் பதிலாள், மெதுவாக.

திரைகள் அணைந்தன. 'உறக்கம்: 30 நாள்' என்று எழுத்து வந்தது. வெளியே நிகிலேஷ் யாருக்கோ போனில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பத்தேழு வயதில், கம்ப்யூட்டருக்குள் இருந்த இரண்டு பேருக்காக.

சமாதானப் பத்திரத்தின் நகல் இரண்டு வீட்டுக்கும் போனது. மயிலாத்தாளின் கடை அன்று மாலையே திறந்தது. தீபாவளிக்குள் பதினாறு கிரைண்டரும் போய்விட்டன. பாளையங்கோட்டைக்குப் புதுத் துருவி ஒன்று பார்சலில் போனதையும் தளத்தில் பார்த்தேன். மற்றபடி நான் தினமும் காலையில் வந்ததும் அந்த இரண்டு பெயருக்கு எதிரே இருந்த எண்ணைத்தான் பார்த்தேன். இருபது. பதினொன்று. ஆறு. ஒரு விடுப்பு போட்டுவிட்டு அந்த முப்பதாம் நாள் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

எண் ஒன்றுக்கு வந்த காலை, அதாவது இருபத்தொன்பதாம் நாள், ஒரு புகார் வந்து கிடந்தது. அனுப்பியவர் இசக்கியப்பன், பாளையங்கோட்டை.

"துருவி நன்றாகத் துருவுகிறது. கூட வந்த கறிவேப்பிலை வாடியிருந்தது."

 அந்தச் சமாதானப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். கொசுறுமேல் புகார் சொல்லலாம், சொன்னால் தூங்குகிற இரண்டும் எழும். கடை மூடாது. என் கையால் எழுதிய பத்திரம், எனக்குத்தான் கடைசியில் புரிந்தது. உடனே பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். செண்பகவடிவுதான் எடுத்தார். பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"கறிவேப்பிலையா? பச்சப்பசேல்னுல்லா வந்துச்சு. அன்னைக்கே சொதியில போட்டாச்சு, அவுக மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாக."

"அப்ப புகார் எதுக்கும்மா?"

"அந்தக் கோயமுத்தூர்க்காரி பார்சலுக்குள்ளயே ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தா. ஏதாவது கொற இருந்தா இருபத்தொம்பதாம் நாளு சொல்லுங்கன்னு. இவுக காலண்டர்ல வட்டம் போட்டு வச்சி, காலையில ஒக்காந்து ஒவ்வொரு எழுத்தாத் தட்டுதாக, ஒரு மணி நேரமா." குரலைத் தாழ்த்தினார். "யம்மா, நாளைக்கு எங்க கல்யாண நாளு. எனக்கு என்ன வாங்கணும்னு நெனச்சிருக்காகன்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லுதியா?"

முயற்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு நிகிலேஷிடம் போனேன். அவர் புகாரைப் படித்தார், பத்திரத்தைப் படித்தார், மறுபடியும் புகாரைப் படித்தார்.

"இந்தக் கண்டிஷனை எழுதினது யாரு மேடம்?"

"நான்தான் சார்."

"எண்பத்தேழாவது வரியும் நீங்கதான்."

 அவர் என்னைப் பார்க்கவில்லை. "இதனால கடை மூடாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். மூடாது என்றேன். அப்படியானால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் பெரிய நாற்காலியைப் பேச்சறை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் ஏனென்று பார்த்தேன்.

"மதியம் சாப்பிடும்போது இதுங்க பேச்சைத் தினம் கொஞ்சம் படிப்பேன்" என்றார். "அந்த ஆடு என்ன ஆச்சுன்னு தெரியணும் மேடம்."

'ஏற்கப்பட்டது' என்பதை அழுத்தினேன். முதல் திரை விழித்தது, அடுத்து இரண்டாவது. ஒன்றாம் நாள் என்று எண் விழுந்தது. 

"வாடுன கறிவேப்பிலையா? நானா குடுத்தேன்?" என்றது மயிலாத்தாளின் பதிலாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அது கெடக்கட்டும்" என்றது இசக்கியப்பனின் பதிலாள். "உடுமலையில நிறுத்துனிய."

"ஆமாங்க அண்ணாச்சி. உடுமலையில கண்டக்டரு ஏறிப் பாத்தாருங்க. ஆடு சன்னலோரமா உக்காந்திருந்துதுங்க."